இரண்டு ஆள் வேலை, ஒரு ஆள் சம்பளம்

பேஸ்பாலில் பந்தும் வீசி பேட்டும் பிடிக்கிற ஜப்பானிய ஆட்டக்காரர் ஷோஹெய் ஓதானிக்கு டாட்ஜர்ஸ் அணி 70 கோடி டாலர் கொடுத்தது அடுக்குமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் 2022ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவேன். அந்த வருடம் அவர் ஏஞ்சல்ஸ் அணியில் இருந்தார். சம்பளம் 55 லட்சம் டாலர்.

அதே வருடம் நியூயார்க் மெட்ஸ் அணியில் மேக்ஸ் ஷெர்ஸர் வாங்கியது 4 கோடியே 33 லட்சம். 23 ஆட்டங்களில் இறங்கி 145 இன்னிங்ஸ் சொச்சம் வீசினார், ஈஆர்ஏ 2.29. ஈஆர்ஏ என்பது 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாகத் தன் பொறுப்பில் எத்தனை ரன் விட்டார் என்கிற கணக்கு, குறையக் குறைய நல்லது. ஓதானி 28 ஆட்டங்களில் 166 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ 2.33. அதோடு 219 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்கவிடாமல் வெளியேற்றுவது), அவர் பெயரில் 15 வெற்றி. சரி, பந்துவீச்சு (பிட்ச்சிங்) முடிந்தது, பேட்டிங்குக்கு வருவோம். ஓதானியோடு ஒரே அணியில் இருந்தவர் மைக் டிரவுட், சம்பளம் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேலே. காயத்தால் 119 ஆட்டம்தான் ஆட முடிந்தது, ஆனாலும் 40 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஓதானி 157 ஆட்டத்தில் 34.

ஷெர்ஸர் சம்பளத்தையும் டிரவுட் சம்பளத்தையும் கூட்டினால் 8 கோடியைத் தாண்டும். அந்த இரண்டு பேர் வேலையையும் ஒருவராகவே செய்தவர் கைக்கு வந்தது 55 லட்சம்.

சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யாருக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று பார்த்துப் பார்த்தே ஆண்டுகள் ஓடிவிட்டன. அதனால் மற்றவர்கள் ஆட்டம் முடிந்து ஸ்கோரைப் பார்க்கும்போது நான் கூடவே சம்பளத்தையும் பார்ப்பேன். ஏஞ்சல்ஸ் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது, ஓதானி அங்கே இருந்த காலமெல்லாம் அவருக்காகவே போய்வந்தோம். அவர் சம்பளத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆல்ரவுண்டர் என்று நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் கிரிக்கெட்டில் 11 பேருமே பேட் பிடித்தாக வேண்டும், கபில் தேவ் பந்து வீசிவிட்டு வந்து சிக்ஸர் அடிப்பதற்கு ஆட்டமே இடம் வைத்திருக்கிறது. பேஸ்பாலில் அப்படி இல்லை. 2022லிருந்து அமெரிக்கப் பெரிய லீகின் இரண்டு பிரிவிலும் பிட்ச்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு, அவரை டிஎச் என்பார்கள். பிட்ச்சர் வீசுவதோடு சரி, 5 நாளைக்கு ஒருமுறை இறங்குவார். பேட்டர் அநேகமாகத் தினமும் ஆடுவார். இரண்டு பேருக்கும் பயிற்சி வேறு, ஓய்வு வேறு, தசை வேறு. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் செய்த பையன்கள் நிறைய உண்டு, தொழில்முறைக்கு வந்ததுமே ஒன்றை விடச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. 2025 ஜூன் 16, டாட்ஜர்ஸ் மைதானம், எதிரணி சான் டியாகோ பாட்ரேஸ். முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓதானி முதன்முதலாக மறுபடி பந்து வீசிய நாள். முதல் இன்னிங்ஸில் 28 பந்து வீசி ஒரு ரன் கொடுத்தார். வீசி முடித்ததும் மற்ற பிட்ச்சர் என்றால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். இவர்தான் டாட்ஜர்ஸின் முதல் பேட்டர். கையுறையைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, முழங்கைக் காப்பு, கணுக்கால் காப்பு, பேட்டிங் கிளவுஸ், ஹெல்மெட் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நேரே பேட்டோடு நடக்கிறார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. எதிரே வீசப்போகிறவர் புத்துணர்ச்சியோடு நிற்கிறார். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் சம்பளக் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய ஆரம்ப காலச் சம்பளத்தைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். 2012ல் ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போதே நேராக அமெரிக்கா போகப்போகிறேன் என்றவர் அவர். ஹொக்காய்டோ நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வேலையும் செய்ய விடுகிறோம் என்று சொல்லித் தங்கவைத்தது. ஹிதேகி குரியாமா என்ற மேலாளர் வாக்கைக் காப்பாற்றினார். 2016ல் ஜப்பானின் பசிஃபிக் லீக் எம்விபி, அதாவது அந்த வருடத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர், அதோடு பிட்ச்சராகவும் டிஎச் ஆகவும் ஒரே வருடத்தில் பெஸ்ட் நைன் என்ற விருது, ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்தவருக்குக் கொடுப்பது. 2017ல் அங்கே அவர் சம்பளம் 27 கோடி யென், அன்றைய மதிப்பில் 20 லட்சம் டாலருக்கும் மேல்.

அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்கா வந்தார், வயது 23. வெளிநாட்டிலிருந்து வரும் ஆள் 25 வயதுக்குக் கீழே இருந்தால் இஷ்டப்பட்ட சம்பளம் பேச முடியாது, ஒவ்வொரு அணிக்கும் ஒதுக்கிய சிறு தொகைக்குள்தான் போனஸ் வாங்க வேண்டும், சம்பளமும் புதுமுகங்களுக்கு உண்டான அடிமட்டச் சம்பளம்தான். இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர் பொறுக்கவில்லை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் கொடுப்பதற்கு 35 லட்சம் இருந்தது, அதையும் விட்டுவிட்டு 23 லட்சத்து 15 ஆயிரம் வைத்திருந்த ஏஞ்சல்ஸிடம் போனார். ஃபைட்டர்ஸ் அணிக்கு 2 கோடி டாலர் கட்டணம் போய்ச் சேர்ந்தது. 2018ல் அவர் வாங்கிய சம்பளம் 5 லட்சத்து 45 ஆயிரம். கடல் தாண்டி மேலான லீகுக்கு வந்த மனிதருக்குச் சம்பளம் கால்வாசியாகச் சுருங்கியது. அந்த வருடமே 22 ஹோம் ரன் அடித்து, 10 ஆட்டங்களில் பிட்ச்சராக இறங்கி, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார்.

அப்புறம் முழங்கை போயிற்று. 2019ல் பேட்டிங் மட்டும். 2020 மோசமான வருடம், ஒன்றே முக்கால் இன்னிங்ஸ்கூட முழுசாக வீசவில்லை, பேட்டிங் சராசரி .190, அதாவது பத்து முறை பேட் பிடித்தால் இரண்டு ஹிட்கூட இல்லை. அதை வைத்துத்தான் 2021 பிப்ரவரியில் இரண்டு வருடத்துக்கு 85 லட்சம் என்று ஒப்பந்தம் போட்டார்கள், முதல் வருடம் 30 லட்சம், அடுத்த வருடம் 55 லட்சம். அந்த 30 லட்ச வருடத்தில்தான் 46 ஹோம் ரன், 26 ஸ்டோலன் பேஸ் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), 9 வெற்றி, 156 ஸ்ட்ரைக் அவுட், ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் எம்விபி. 55 லட்ச வருடத்தில் என்ன செய்தார் என்று மேலே சொல்லிவிட்டேன். பேட்டிங் தரவரிசைக்கும் ஈஆர்ஏ தரவரிசைக்கும் ஒரே வருடத்தில் தகுதி பெற்ற ஆள் நவீன பேஸ்பாலில் அவர்தான் முதல்.

போனஸையும் சேர்த்து முதல் 5 வருடத்துக்கு அவர் ஏஞ்சல்ஸிடம் வாங்கியது சுமார் 1 கோடியே 20 லட்சம். ஆறாவது வருடமான 2023க்கு மட்டும் 3 கோடி கொடுத்தார்கள். இஷ்டப்பட்ட அணியோடு பேசும் முழுச் சுதந்திரம் கிடைக்காத நிலையில் இருந்த ஆட்டக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை என்று அன்றைக்குப் பெரிய செய்தி. வாஸ்தவம்தான். ஆனால் அதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்துபோயிருந்தது.

அந்த 3 கோடியையும் ஒரு நாள் கணக்காகப் பிரித்துப் பார்த்தேன். 162 ஆட்டத்துக்கு வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு 1 லட்சத்து 85 ஆயிரம். 2023 ஜூலை 27 அன்று டெட்ராய்ட்டில் ஏஞ்சல்ஸுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓதானி 9 இன்னிங்ஸையும் தானே வீசி, 111 பந்தில், ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, ரன்னே விடாமல் முடித்தார். சற்று நேரத்தில் இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. யாராக இருந்தாலும் அன்று படுத்துத் தூங்கியிருப்பார்கள். இவர் டிஎச் ஆக இறங்கி இரண்டு ஹோம் ரன் அடித்தார். அதற்குப் பிறகுதான் உடம்பு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றைய கூலி 3 லட்சத்து 70 ஆயிரம். தலைசிறந்த பிட்ச்சர் ஒருவருக்கு அவர் இறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10 லட்சத்துக்கு மேல் விழும்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 23. அனஹைமில் சின்சினாட்டி ரெட்ஸோடு மறுபடி ஒரே நாளில் இரண்டு ஆட்டம். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன், வருடத்தின் 44ஆவது. இரண்டாம் இன்னிங்ஸில் ஒரு பந்து வீசிவிட்டுத் தலையை ஆட்டினார், மருத்துவ உதவியாளர் ஓடிவந்தார், வெளியே போய்விட்டார். கை சோர்வு என்று அறிவித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அவர் பெயரைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. இரண்டு பேஸ் ஹிட் ஒன்று அடித்துவிட்டு இரண்டாம் பேஸில் நின்றபோது, ரெட்ஸின் எல்லி டி லா க்ரூஸ் சிரித்துக்கொண்டே அவரை விரலால் தொட்டுப் பார்த்தார், நிஜ ஆள்தானா என்பதுபோல. ஓதானியும் சிரித்தார். ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள், முழங்கைத் தசைநார் கிழிந்திருக்கிறது, இந்த வருடம் இனிப் பந்து வீச மாட்டார் என்று. அதைத் தெரிந்துகொண்டா அவர் பேட் பிடித்தார் என்பதை நினைத்தால் இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சம்பளம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கையை உயர்த்துவார்கள். இரண்டு வேலை செய்கிறவனுக்கு இரண்டு மடங்கு ஆபத்து, அதனால் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். டாம்பா பே ரேஸ் அணி 2017ல் பிரெண்டன் மெக்கே என்ற இளைஞரைப் புதுமுகத் தேர்வில் நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்து இரண்டு வேலையும் பழக்கியது. தோளும் முழங்கையும் மாறி மாறிப் பழுதாகி, பெரிய லீகில் 2019ல் சில ஆட்டங்கள் வீசியதோடு அவர் கதை நின்றது. இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண பிட்ச்சருக்கு இந்த முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவார், அணி வாயைத் திறக்க முடியாது. ஓதானி 2024 முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த வருடம் 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ், 130 ரன் அடித்துக்கொடுத்து, ஒரே சீசனில் 50க்கு 50 தொட்ட முதல் ஆள் ஆனார். எம்விபியும் அவருக்கே, உலகத் தொடரும் டாட்ஜர்ஸுக்கே. பிட்ச்சர் பாதி படுத்திருக்கும்போது பேட்டர் பாதி சம்பாதித்துக் கொடுத்தது. ஒற்றை வேலைக்காரரிடம் அணிக்கு இந்தக் காப்பு கிடையாது. காலில் அடிபட்டால் இரண்டும் போகும், உண்மை. கையில் அடிபட்டால் ஒன்றாவது மிஞ்சும்.

இப்போது அந்த 70 கோடிக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு 10 வருட ஒப்பந்தம். வருடத்துக்கு 7 கோடி என்று எல்லாரும் எழுதினார்கள். கையில் வருவது வருடத்துக்கு 20 லட்சம்தான். மீதி 6 கோடியே 80 லட்சத்தை ஒவ்வொரு வருடத்துக்கும் 10 வருடம் தள்ளி, 2034 முதல் 2043 வரை கொடுப்பார்கள். வட்டி கிடையாது. வட்டி இல்லாமல் பணத்தைத் தள்ளிப்போட்டால் அது கரையும், சம்பளப் பிரிவில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லீக் வைத்திருக்கும் வட்டி விகிதம் சுமார் 4.4 சதவீதம். 10 வருடம் கழித்து வரும் 6.8 கோடியின் இன்றைய மதிப்பு 4.4 கோடி, அதோடு 20 லட்சத்தைச் சேர்த்தால் வருடத்துக்கு 4.6 கோடி. 10 வருடத்துக்கு 46 கோடி. ஆடம்பர வரிக்கு (சம்பள வரம்பைத் தாண்டும் அணிகள் லீகுக்குக் கட்டுவது) லீக் எடுத்துக்கொண்ட கணக்கும் இதேதான்.

பாபி போனியா என்று ஒருவர், விளையாட்டை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் மெட்ஸ் அணி ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்கு 11 லட்சத்து 93 ஆயிரம் டாலர் கட்டுகிறது, 2035 வரை கட்டும். அவருக்குத் தள்ளிப்போட்ட தொகை 59 லட்சம்தான், 8 சதவீத வட்டிதான் அதை இவ்வளவு ஆக்கியது. பணத்தைப் பின்னால் வாங்குகிறவன் வட்டி கேட்பது நியாயம் என்று அந்த ஒப்பந்தம் காட்டுகிறது. ஓதானி கேட்கவில்லை. அணிக்கு மற்ற நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கப் பணம் மிஞ்சட்டும் என்று தானே முன்வந்து தள்ளிப்போட்டார்.

வரிக்காகத்தான் செய்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. கலிஃபோர்னியாவில் உச்ச வருமான வரி 13 சதவீதத்துக்கு மேல். 1996ல் வந்த மத்திய அரசுச் சட்டப்படி, தள்ளிவைத்த சம்பளத்தை 10 வருடமோ அதற்கு மேலோ சம தவணைகளாக வாங்கினால், வாங்கும்போது எங்கே குடியிருக்கிறோமோ அந்த இடத்துக்குத்தான் வரி. அவர் வேறு இடம் போய்விட்டால் கலிஃபோர்னியாவுக்கு ஒன்றும் கிடைக்காது, மாநிலக் கணக்கு அதிகாரி இதை மாற்றச் சொல்லி 2024 ஜனவரியில் வெளிப்படையாகவே கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது, நானும் இந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவள்தான். ஆனால் ஓதானி ஜப்பானுக்கே திரும்பினால் அங்கே உச்ச வரி 55 சதவீதம் வரை போகும். லாபம் பார்த்துப் போட்ட திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது நியாயம்? என் கணக்கைச் சொல்கிறேன்.

நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆரோன் ஜட்ஜ் 9 வருடத்துக்கு 36 கோடி, அதாவது வருடம் 4 கோடி. அதே அணியில் கெரிட் கோல், பிட்ச்சர், 9 வருடத்துக்கு 32 கோடியே 40 லட்சம், வருடம் 3.6 கோடி. இரண்டையும் அப்படியே கூட்டி 7.6 கோடி கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஜட்ஜ் அவுட்ஃபீல்டில் நின்று பந்து பிடிக்கிறார், ஓதானி டிஎச் ஆக இருப்பதால் ஃபீல்டிங் கிடையாது, அதற்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும். கோல் மாதிரி வருடத்துக்கு 200 இன்னிங்ஸும் ஓதானி வீச மாட்டார். 2025ல் வீசியது 47 இன்னிங்ஸ்தான். ஒரு வேலை மற்றதைத் தின்கிறது என்பதும் தெரிகிறது. பந்து வீசாத 2024ல் 59 பேஸ் திருடியவர், வீச ஆரம்பித்த 2025ல் 20தான் திருடினார். அதனால் பிட்ச்சர் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறேன், 1.8 கோடி. பேட்டருக்கு 3.8 கோடி. மொத்தம் 5.6 கோடி.

அதோடு எல்லாரும் மறக்கிற ஒன்று, இடம். ஒரு அணியில் 26 பேர், அதில் 13 பேர்தான் பிட்ச்சராக இருக்கலாம். ஒருவர் 20 இன்னிங்ஸ் வீசி, 20 ஆட்டங்களில் பேட்டராகவும் இறங்கியிருந்தால் லீக் அவரை இருவழி ஆட்டக்காரர் என்று தனியாகப் பதிவு செய்யும், அந்த 13ல் அவர் சேர மாட்டார். ஆக ஓதானி இருக்கும் அணி 14 பிட்ச்சர் வைத்துக்கொள்ளலாம். நீண்ட சீசனில் ஒரு கூடுதல் கை என்பது பயிற்சியாளர்கள் தவம் கிடந்து கேட்பது. இதையும் சேர்த்து இன்றைய பணத்தில் வருடத்துக்கு 6 கோடி என்பது என் விடை. 4.6 கோடிக்கும் 6 கோடிக்கும் நடுவில் இருக்கிறதை அவர் தானமாகக் கொடுத்திருக்கிறார்.

இது ரசிகையின் கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சந்தையே ஒரு சாட்சி கொடுத்திருக்கிறது. ஓதானி கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் கழித்து 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் கொடுத்தது 15 வருடத்துக்கு 76 கோடியே 50 லட்சம். தள்ளிப்போடுவது எதுவும் கிடையாது. வருடம் 5.1 கோடி. சோட்டோ அருமையான பேட்டர், வயதும் குறைவு. ஆனால் ஒரு பந்துகூட வீசுவதில்லை. பேட்டிங் மட்டுமே செய்கிற ஒருவருக்கு 5.1 கோடி சரி என்றால், இரண்டும் செய்கிறவருக்கு 6 கோடி எப்படி அதிகமாகும்?

விளம்பரத்தில் அவர் சம்பாதிப்பது போதாதா என்பார்கள். அது கம்பெனிகள் அவருக்குத் தருவது, டாட்ஜர்ஸ் தருவது அல்ல. அவரால் டாட்ஜர்ஸுக்கு ஜப்பானிய நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் வந்தன, டிக்கெட் விற்றது. ஊழியரின் பக்கத்து வருமானத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதை நான் எங்கேயும் ஏற்க மாட்டேன்.

பழைய கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேப் ரூத் 1918ல் பாஸ்டனுக்காக 13 ஆட்டம் வென்று கொடுத்து 11 ஹோம் ரன் அடித்தார், அன்றைக்கு அதுவே லீகின் உச்சம். 1919ல் 29. வருடம் 10 ஆயிரம் டாலர் சம்பளத்தை 20 ஆயிரம் ஆக்குங்கள் என்று கேட்டார். அணி அவரை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்றுவிட்டது. இரண்டு வேலைக்கு இரண்டு மடங்கு கேட்டவருக்குக் கிடைத்த பதில் அது. போன பிறகு அவர் பந்து வீசுவதையே அநேகமாக விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீகில் சேர்க்கவே இல்லை. அவர்களுடைய நீக்ரோ லீக்குகளில் இரண்டும் செய்தவர்கள் இருந்தார்கள். கான்சஸ் சிட்டி மோனார்க்ஸின் புல்லட் ரோகன், கியூபாவிலிருந்து வந்த மார்ட்டின் டிஹிகோ. இருவரும் இப்போது ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் கௌரவ மண்டபத்தில். அந்த அணிகளில் ஆள் குறைவு, காசும் குறைவு, அதனால் ஒருவரே பல வேலை பார்க்க வேண்டியிருந்தது. ரோகன் மாதிரி ஒருவர் இருந்தால் இன்னொரு சம்பளம் மிச்சம். அவர்கள் திறமையை நினைத்து வியக்கும்போதெல்லாம் இதுவும் எனக்கு ஞாபகம் வரும். இருவழி ஆட்டக்காரர் என்றாலே அணிக்கு மிச்சம் பிடிக்கும் வழி என்ற பழக்கம் அங்கேயும் இருந்தது, ஏஞ்சல்ஸ் வருடங்களிலும் இருந்தது.

பிளேஆஃப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 17, மில்வாக்கிக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் ஓதானி 6 இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசி, 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 3 ஹோம் ரன்னும் அடித்தார். அப்படி ஒரு ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவருக்குச் சம்பளமே கிடையாது. யாருக்குமே கிடையாது. சம்பளம் வழக்கமான சீசனோடு முடிந்துவிடும், பிளேஆஃபில் டிக்கெட் வசூலின் ஒரு பகுதியை அணியில் இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். 2024ல் டாட்ஜர்ஸில் ஒரு முழுப் பங்கு 4 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். ஓதானிக்கும் ஒரு பங்கு, பெஞ்சில் இருந்தவருக்கும் ஒரு பங்கு. இதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து பங்கு போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாற்ற வேண்டியது ஆரம்ப வருடங்களை. ஓதானிக்கு இனி ஒன்றும் குறைவில்லை, அடுத்து வருகிற பையனுக்குத்தான் இது. லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உரிமையாளர்கள் சம்பள உச்சவரம்பு பற்றியும் தள்ளிப்போடும் பணம் பற்றியும்தான் பேசுவார்கள். சங்கம் இரண்டு விஷயத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்று, சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போகும் வருடங்களில், தன்னோடு அதே அனுபவம் உள்ள ஒரு பேட்டரையும் ஒரு பிட்ச்சரையும் தனித்தனியாக ஒப்பிட்டு இரண்டையும் கூட்டிக் கேட்க இருவழி ஆட்டக்காரருக்கு உரிமை வேண்டும். இப்போது ஒப்பிட ஆளே இல்லாமல் அணி சொல்கிற எண்ணைச் சுற்றித்தான் பேச்சு ஓடுகிறது.

இரண்டாவது இன்னும் எளிது. 26 பேர் பட்டியலை எண்ணும்போது இருவழி ஆட்டக்காரரை லீக் ஏற்கெனவே தனி வகையாக ஒப்புக்கொண்டுவிட்டது, சம்பள அத்தியாயத்தில்தான் அவர் இன்னும் ஒரே ஆள். அந்தப் பதிவு கிடைத்த நாளிலிருந்து அடிமட்டச் சம்பளத்தை அவருக்கு இரட்டிப்பாக்க வேண்டும். 2026ல் அடிமட்டம் 7 லட்சத்து 80 ஆயிரம், அவருக்கு 15 லட்சத்து 60 ஆயிரம் ஆகும். அணிக்குக் கூடுதல் செலவு கடைசி பிட்ச்சர் ஒருவரின் சம்பளம் அளவுக்குத்தான். அந்தப் பதினான்காவது பிட்ச்சருக்கு இடம் பிடித்துக் கொடுப்பதே இவர்தானே.